மார்ச்சுவரி வாசல்ல நீட்டுற பேப்பர்ல கையெழுத்து போடாதீங்க

"கழிவுநீர் தொட்டியில் விஷவாயு தாக்கி இருவர் பலி"ன்னு ஒரு குட்டி செய்தி வரும், போலீசார் விசாரித்து வருகின்றனர்னு நாலாவது வரியில முடிஞ்சிடும். அதுக்கப்புறம் அந்த வீட்ல என்ன நடந்துச்சு, செத்தவரோட பொண்டாட்டிக்கு பணம் வந்துச்சா, கேஸ் என்ன ஆச்சு, யாராவது ஜெயிலுக்குப் போனாங்களான்னு எந்த பேப்பரும் எழுதாது. நான் எங்க மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல பாரா லீகல் வாலண்டியரா, அதாவது இலவச சட்ட உதவி தேடி வர்றவங்களுக்கு வழிகாட்டுற தன்னார்வலரா இருக்கேன், அந்த நாலாவது வரிக்கு அப்புறம் நடக்கிறதத்தான் கிட்ட இருந்து பாக்குறேன். வக்கீல் கிடையாது நான். ஆனா இந்த விஷயத்துல குடும்பங்கள் எங்க ஏமாத்தப்படுதுன்னு நல்லாவே தெரியும், அதனால எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு. இத விபத்துன்னு சொல்றத நிறுத்தணும். செப்டிக் டேங்க்குள்ள, பாதாள சாக்கடைக்குள்ள ஹைட்ரஜன் சல்பைடு சேரும், காத்த விட கனமானது, அடியில தங்கிடும். கொஞ்சமா இருக்கும்போது அழுகின முட்டை நாத்தம் அடிக்கும், அளவு ஏற ஏற மூக்கு மரத்துப் போயி நாத்தமே தெரியாது, "வாடை அடங்கிடுச்சு, இறங்கலாம்"னு நினைக்கிற நேரம் தான் ஆள் சுருண்டு விழுறது. அவர தூக்கப் போற ரெண்டாவது ஆள், அவரப் பாத்து பதறி இறங்குற மூணாவது ஆள்னு வரிசையா போயிடுவாங்க, நிறைய சமயம் அண்ணன் தம்பி, அப்பா மகன். இது இன்னிக்கு நேத்து கண்டுபிடிச்ச விஷயமா என்ன? விஷவாயு இருக்கான்னு காட்டுற கேஸ் டிடெக்டர் இருக்கு, உள்ள நல்ல காத்து அடிக்க ப்ளோயர் இருக்கு, இடுப்புல பெல்ட் கட்டி மேல இருந்து இழுக்க மூணு கால் ஸ்டாண்ட் இருக்கு, இதெல்லாத்துக்கும் மேல ஆளே இறங்க வேணாம், உறிஞ்சி எடுக்க மெஷின் இருக்கு. தெரிஞ்ச ஆபத்து, தடுக்க வழி இருந்துச்சு, தடுக்கல. சட்டத்துல குடும்பத்தோட பலமே இந்த மூணு தான்.

2013-ல வந்த கையால் மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டத்துல 7-வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, தனி ஆளோ, உள்ளாட்சியோ, ஏஜென்சியோ யாரா இருந்தாலும், நேரடியாவோ மறைமுகமாவோ, பாதுகாப்பு இல்லாம சாக்கடையோ செப்டிக் டேங்க்கோ சுத்தம் பண்ண ஆள வேலைக்கு வைக்கக் கூடாது. "மறைமுகமாவோ"ங்கிறத நல்லா மனசுல வச்சுக்கோங்க. ஏன்னா சாவு நடந்ததும் பில்டிங் ஓனர் லாரிக்காரர கை காட்டுவாரு, லாரிக்காரர் புரோக்கர கை காட்டுவாரு, புரோக்கர் "அவரா தான் சார் இறங்கினாரு, நான் வேணாம்னு தான் சொன்னேன்"னுவாரு. யாருமே வேலைக்குக் கூப்பிடாத ஒரு மனுஷன் அடுத்தவங்க வீட்டு மலத்தொட்டிக்குள்ள தானா இறங்கி செத்தாரு, இது தான் அவங்க கதை. தனியார் வீடு, அபார்ட்மெண்ட், ஹோட்டல், எதுவா இருந்தாலும் இந்தப் பிரிவு பொருந்தும். மீறினா 9-வது பிரிவுல முதல் தடவைக்கு ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், ரெண்டு லட்சம் வரைக்கும் அபராதம், திரும்பவும் பண்ணினா அஞ்சு வருஷம், அஞ்சு லட்சம்.

இப்ப மார்ச்சுவரி வாசலுக்கு வரேன், இங்க தான் எல்லாமே தீர்மானமாகுது.

ஜிஎச் பின்னாடி அந்த வேப்ப மரத்தடியிலயோ சைக்கிள் ஸ்டாண்டுகிட்டயோ குடும்பம் உக்காந்திருக்கும். பொண்டாட்டிக்கு பேச்சே வராது, அம்மா அழுதுட்டே இருப்பாங்க. அப்ப ஊர்ல கொஞ்சம் செல்வாக்கான ஒருத்தர் வருவாரு, நல்லவர் மாதிரி தான் பேசுவாரு. "நடந்தது நடந்து போச்சும்மா, போன உசுரு திரும்பவா போகுது, புள்ளைங்க எதிர்காலத்த பாரு, ஓனர் ஒரு தொகை தரேங்கிறாரு, கோர்ட்டு கேசுன்னு போனா வருஷக்கணக்கா அலையணும், அந்தப் பணமும் கிடைக்காது"ன்னுவாரு. கையில ஒரு பத்திரத்தாள் இருக்கும், டைப் அடிச்சு ரெடியா. "எனது கணவர் தன்னிச்சையாகத் தொட்டியில் இறங்கி மூச்சுத்திணறல் ஏற்பட்டு இறந்துவிட்டார். இது சம்பந்தமாக எங்களுக்கு யார் மீதும் எவ்வித சந்தேகமோ புகாரோ இல்லை. வருங்காலத்தில் எவ்வித வழக்கோ உரிமையோ கோர மாட்டோம் என உறுதி கூறுகிறேன்." இந்த மூணு வரி எல்லா ஊர்லயும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி தான் இருக்கு. கைநாட்டு வைக்க இங்க் பேட் கூட கொண்டு வந்திருப்பாங்க, அதப் பாக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

அதுல கையெழுத்து போடாதீங்க. ஏற்கனவே போட்டுட்டீங்கன்னா அதோட எல்லாம் முடிஞ்சதுன்னும் நினைக்காதீங்க. அலட்சியத்தால மரணம்ங்கிறது அரசாங்கம் நடத்துற கிரிமினல் வழக்கு, ரெண்டு தரப்பும் ராஜியாகி முடிச்சுக்கலாம்னு சட்டத்துல ஒரு பட்டியல் இருக்கு பாருங்க, அதுல இந்தக் குற்றம் கிடையாது. முன்னாடி ஐபிசி (பழைய இந்திய தண்டனைச் சட்டம்) 304ஏ, ரெண்டு வருஷம் வரை தண்டனை. 2024 ஜூலை 1-ல இருந்து நடந்ததுன்னா அதுக்குப் பதிலா வந்த பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) 106, அஞ்சு வருஷம் வரை. இழப்பீட்டு உரிமைய விட்டுக்கொடுக்கிறேன்னு தொழிலாளியே எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாதுன்னு 1923-ல வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்துலயே இருக்கு, இப்ப அந்தச் சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள்ள போயிடுச்சு, ஆனா இந்தக் கொள்கை போகல. பணம் வேற, கேஸ் வேற. அரசாங்கம் குடுக்கிற இழப்பீட்ட வாங்கினாலும் கேஸ் அப்படியே நடக்கும், நடக்கணும்.

அந்த இழப்பீடு எவ்வளவுன்னு தெரியாததால தான் மூணு லட்சம் நாலு லட்சத்துக்கு தலையாட்டுறாங்க. 2014 மார்ச் 27-ல சபாய் கரம்சாரி ஆந்தோலன்ங்கிற துப்புரவுத் தொழிலாளர் இயக்கம் போட்ட வழக்குல உச்ச நீதிமன்றம், 1993-ல இருந்து சாக்கடையில செத்த ஒவ்வொருத்தர் குடும்பத்தையும் கண்டுபிடிச்சு 10 லட்சம் குடுங்கன்னு சொல்லுச்சு. 2023 அக்டோபர் 20-ல பல்ராம் சிங் வழக்குல அத 30 லட்சமா உயர்த்திடுச்சு. உயிர் பிழைச்சு நிரந்தர ஊனமாகி வேலைக்கே போக முடியாம ஆனவங்களுக்கு 20 லட்சம். ஊர்ல ஓனர் தரேங்கிற தொகையையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தாலே எதுக்கு அவ்வளவு அவசரமா இங்க் பேட் வருதுன்னு புரியும்.

எஃப்ஐஆர் பத்தி. உடனே ஸ்டேஷன்ல "சந்தேக மரணம்"னு மட்டும் போட்டு வைப்பாங்க, புது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ல 194, பழைய சிஆர்பிசில 174. அதுல குற்றவாளின்னு ஒருத்தர் பேரும் இருக்காது. அதோட திருப்திப்பட்டு உடல வாங்கிட்டு போயிட்டா அப்புறம் பிரிவு மாத்த வைக்கிறது பெரும்பாடு. அதனால புகார் மனுவ குடும்பமே எழுதிக் குடுக்கணும், ஏட்ட எழுத விடாதீங்க. அதுல யாரு போன் பண்ணிக் கூப்பிட்டது, எத்தனை மணிக்கு, யாரு இறங்கச் சொன்னது, கயிறு குடுத்தாங்களா, மாஸ்க் குடுத்தாங்களா, மேல யாரு நின்னாங்க, எவ்வளவு கூலி பேசினாங்க, எல்லாம் வரணும். 2013 சட்டத்தோட 7, 9 பிரிவுகள் வரணும். இறந்தவர் பட்டியல் சாதின்னா (பெரும்பாலும் அப்படித்தான், இந்த வேலைக்கு யார கூப்பிடுறாங்கன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும்) வன்கொடுமை தடுப்புச் சட்டம் 3(1)(ஜே) பிரிவும், அதாவது பட்டியல் சாதி ஆள கையால மலம் அள்ளுற வேலைக்கு வைக்கிறது குற்றம்ங்கிற பிரிவும் கேக்கணும், அந்தப் பிரிவ 2015 திருத்தத்துல சேத்தது இதுக்காகவே தான். அது சேந்தா விசாரணை அதிகாரி டிஎஸ்பி ரேங்க்ல இருக்கணும், முன்ஜாமீன் தடை இருக்கு, ஜாமீன் மனு வந்தா குடும்பத்துக்கு நோட்டீஸ் குடுத்து அவங்க தரப்பையும் கேக்கணும், அரசு நிவாரணமும் தனியா கேக்கலாம். ஸ்டேஷன்ல அந்தப் பிரிவு போட எவ்வளவு தயங்குவாங்கங்கிறத அங்க நின்னு பாத்தவங்களுக்குத் தான் தெரியும், "அதெல்லாம் சாதி சொல்லி திட்டினா தான்மா"ன்னு அனுப்பிடுவாங்க. அது தப்பான பதில்.

எஃப்ஐஆர் காப்பி இலவசமா குடுக்கணும், அது உரிமை. பதிவு பண்ணவே மாட்டேன்னா எஸ்பிக்கு பதிவுத் தபால், அதுக்கும் அசையலன்னா மாஜிஸ்திரேட்கிட்ட மனு. புது பிஎன்எஸ்எஸ் சட்டத்துல இன்னொண்ணும் இருக்கு, விசாரணை எந்த நிலையில இருக்குன்னு 90 நாளுக்குள்ள போலீஸ் பாதிக்கப்பட்டவங்களுக்கு சொல்லணும். கேளுங்க, எழுத்துல கேளுங்க.

அப்புறம் அவரோட போன். வேலைக்குப் போனவரு சட்டையக் கழட்டி லாரி கேபின்லயோ காம்பவுண்டு சுவத்து மேலயோ வச்சுட்டு தான் இறங்கியிருப்பாரு, போன் அந்தச் சட்டைப் பையில இருக்கும். காலையில யாரு கூப்பிட்டாங்கங்கிற கால் லிஸ்ட், வாட்சப் வாய்ஸ், லொகேஷன் எல்லாம் அதுல தான். "யாருமே கூப்பிடல"ங்கிற கதைய உடைக்கிறதே அந்தப் போன் தான், அத முதல் நாளே கேட்டு வாங்குங்க, போலீஸ் எடுத்திருந்தா கைப்பற்றின பட்டியல்ல எழுதியிருக்காங்களான்னு பாருங்க. கால் லிஸ்ட்ட போட்டோ எடுத்து வைங்க. லாரி நம்பர், தொட்டி, திறந்த மூடி, கிடந்த கயிறு எல்லாத்தையும் போட்டோ எடுத்துடுங்க, மறுநாள் போனா தொட்டிய மூடி சிமெண்ட் பூசியிருப்பாங்க.

போஸ்ட்மார்ட்டம் பத்தி சுருக்கமா சொல்லிடுறேன். குடிச்சிருந்தாரு, மாரடைப்புன்னு கத மாறுற இடம் அது தான், அதனால உள்ளுறுப்பு ரசாயனப் பரிசோதனைக்கு அனுப்பினாங்களான்னு கேட்டுக்கோங்க, ரிப்போர்ட் காப்பிக்கு மனு போட்டு வைங்க.

உடல வாங்க மாட்டோம்னு குடும்பம் உக்காருறத பத்தி நிறைய பேர் முகம் சுளிக்கிறாங்க, பிணத்த வச்சு பேரம் பேசுறாங்கன்னு கூட சொல்றாங்க. எனக்கு அது தாங்க முடியாது. தாசில்தார், ஆர்டிஓ (வருவாய் கோட்டாட்சியர்), டிஎஸ்பி மூணு பேரும் ஒரே நேரத்துல அந்தக் குடும்பத்த உக்கார வச்சு பேசுற ஒரே நாள் அது தான், அடக்கம் முடிஞ்ச மறுநாள் அதே ஆபீஸ்ல அந்தப் பொண்ணு வாசல்ல நிக்கணும். அதனால அந்தப் பேச்சுவார்த்தையில என்ன ஒத்துக்கிட்டாங்களோ அத எழுத்துல வாங்கணும், தேதியோட, கையெழுத்தோட. வாய் வார்த்தை வேணாம்.

இவ்வளவுக்கும் வக்கீல் வேணுமே, காசுக்கு எங்க போறதுன்னு தான் எல்லாரும் மலைக்கிறாங்க. 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழு சட்டம் 12-வது பிரிவு படி, பெண்கள், குழந்தைங்க, பட்டியல் சாதி, பழங்குடியினர், இவங்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காமலே இலவச வக்கீல் உண்டு. அதாவது கணவன இழந்து நிக்கிற எந்தப் பொண்ணுக்கும் உண்டு. மாவட்ட கோர்ட் வளாகத்துக்குள்ளயே ஆபீஸ் இருக்கு, தாலுகா கோர்ட்ல வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கு, போன்ல 15100. வக்கீல் பீஸ், கோர்ட் பீஸ், காப்பி எடுக்கிற செலவு எதுவும் நீங்க தரக் கூடாது, யாராவது கேட்டா அங்க இருக்கிற செயலாளர்கிட்ட சொல்லுங்க, அவர் ஒரு நீதிபதி. இலவசம்னா ஏனோதானோன்னு தான் பண்ணுவாங்கன்னு ஒரு பயம் இருக்கு, அது எல்லா வக்கீலுக்கும் பொருந்தாது, ஆனா சரியில்லன்னு பட்டா வக்கீல மாத்தித் தரச் சொல்லி கேக்கலாம், தயங்க வேணாம்.

இதுல குடும்பம் சோர்ந்து போறது பெரும்பாலும் கோர்ட்டுல இல்ல, வாரிசு சான்றிதழ்ல. இறப்பு சான்றிதழ்ல பேரு ஒரு மாதிரி, ஆதார்ல ஒரு மாதிரி, கல்யாணத்த பதிவு பண்ணல, மாமியார் மருமக பேச்சு வார்த்தை இல்ல, இதுல எது இடிச்சாலும் பணம் கலெக்டர் ஆபீஸ்லயே கிடக்கும். அம்மாவுக்கும் பங்கு உண்டு, அத ஆரம்பத்துலயே பேசி தீத்துக்கோங்க, பிள்ளைங்க பங்கு பேங்க்ல டெபாசிட்டா போகும். இறப்பு சான்றிதழ், வாரிசு, சாதி சான்றிதழ், பேங்க் பாஸ்புக், எஃப்ஐஆர், போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், எல்லாத்தையும் ஒரே கவர்ல போட்டு, குடும்பத்துல படிச்ச பொண்ணோ பையனோ ஒருத்தர்கிட்ட பொறுப்பு குடுத்துடுங்க.

கடைசியா, ரொம்ப வருஷம் முன்னாடி இறந்து போனவங்க குடும்பம் யாராவது உங்களுக்குத் தெரிஞ்சா இத சொல்லுங்க. அந்த 2023 தீர்ப்புல, முன்னாடி இறந்தவங்க குடும்பத்துக்கு இழப்பீடு இன்னும் குடுக்கலன்னா அவங்களுக்கும் இந்த 30 லட்சம் தான் குடுக்கணும்னு எழுதியிருக்கு. எஃப்ஐஆர் இல்லன்னு விட்டுடாதீங்க, அன்னிக்கு வந்த பேப்பர் கட்டிங், ஜிஎச் ரெக்கார்டு, கூட வேலை செஞ்சவங்க வாக்குமூலம், இதெல்லாம் இருந்தா அதோட சட்டப்பணிகள் ஆபீசுக்கு வாங்க, கலெக்டருக்கு மனு அங்கயே எழுதித் தருவோம்.