"இது எந்தப் பாதி, சார்?"

நான் கேட்ட கேள்வியே தவறு என்று இப்போது தோன்றுகிறது. "ஆட முடியுமாடா?" என்றேன். ரயில்வே அணிக்கு ஆள் எடுப்பவர் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது எந்தப் பையன் முடியாது என்பான்?

கால்பந்து ஆட்டம் அது. கார்னர் உதையில் வந்த பந்துக்கு எழும்பியபோது இரண்டு தலைகள் மோதின. எங்கள் ஸ்டாப்பர், அதாவது நடுத் தடுப்பாட்டக்காரன், விழுந்து, சில நொடிகளில் எழுந்தும் விட்டான். மயக்கம் இல்லை, ரத்தம் இல்லை. கோட்டருகே அழைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றினேன். "ஒன்றுமில்லை சார், ஆடுகிறேன்" என்றான். குனிந்து ஷூ லேஸை இறுக்கினான். இறுக்கிய முடிச்சையே அவிழ்த்து மறுபடி இறுக்கினான். பிறகு நிமிராமலே கேட்டான்: "இது எந்தப் பாதி, சார்?"

என் காதில் நன்றாகவே விழுந்தது. "இரண்டாம் பாதிடா, இன்னும் இருபது நிமிடம்தான்" என்று முதுகில் தட்டி உள்ளே அனுப்பினேன்.

மாற்று ஆட்டக்காரர்கள் மூவரையும் ஏற்கெனவே இறக்கியாகிவிட்டது. ஒரு கோல் முன்னிலை. அவனை வெளியே எடுத்தால் பத்துப் பேர்தான். எங்கள் பையன்களில் பாதிப் பேர் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலையை நம்பித்தான் பந்தைத் தொடுகிறார்கள். அவன் வீட்டிலும் அந்த ஒரு நம்பிக்கைதான். அவனுக்காகத்தான் அனுப்பினேன். இதைப் பல முறை எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்த நிமிடத்தில் அவன் வேலையை நினைத்தேனா, கோப்பையை நினைத்தேனா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

வென்றோம். திரும்பும் வழியில் பஸ்ஸில் இரண்டு முறை வாந்தி எடுத்தான். மூளை அதிர்வு என்றார் மருத்துவர். மயங்காமலும் அது வரலாம், சந்தேகம் வந்தாலே அன்று மறுபடி ஆட விடக்கூடாது என்றார். ரயில்வே தேர்வுக்கு அவனால் போக முடியவில்லை.

இன்னொன்று உறுத்துகிறது. ஆண்டுதோறும் உடை மாற்றும் அறையில் நான் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. தலையில் தையலோடு ஆடிய ஜர்னைல் சிங், தென் கொரியாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் கோல் அடித்தார். 2-1 என்று தங்கம் வென்றோம். பையன்களின் கண்கள் விரியும். ஆனால் பயிற்சியாளர் ரஹீம், காயம்பட்ட ஜர்னைலை ஜப்பான் ஆட்டத்தில் இறக்கவே இல்லை. அதன் பிறகுதான், தடுப்பாட்டக்காரரான அவரை முன்வரிசைக்கு மாற்றி ஆடவைத்தார். எனக்குத் தெரிந்திருந்தும் அந்தப் பகுதியை நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. கதையின் வேகம் குறையும் என்று நினைத்தேனோ என்னவோ.

இப்போது "ஆட முடியுமா" என்று கேட்பதில்லை. ஸ்கோர் என்ன, எந்தப் பாதி என்று கேட்கிறேன். போன மாதம் ஒருவன் தடுமாறினான். உடனே வெளியே எடுத்தேன், தோற்றோம். "ஆள் பார்க்க வந்திருந்த நேரத்தில் எடுத்துவிட்டீர்களே, சார்" என்று அவன் அப்பா கண் கலங்கினார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

பழைய ஸ்டாப்பர் ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்துக்கு வருகிறான். ஒருமுறை மன்னிப்புக் கேட்டேன். "அன்றைக்கு நீங்கள் நிறுத்தியிருந்தால் உங்களோடு பேசியே இருக்க மாட்டேன், சார்" என்றான். சிறுவர்களோடு சேர்ந்து ஆடுகிறான். பந்து உயரத்தில் வந்தால் மட்டும் ஓரடி பின்வாங்கி, அது தரையில் விழும்வரை காத்திருக்கிறான்.