நேப்பர்வில்லில் கார், ஃப்ரைபுர்கில் டிராம், நடுவில் அம்மா

அக்கா சிகாகோ பக்கம் நேப்பர்வில்லில் இருக்கிறாள். தம்பி ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில், ஃப்ரைபுர்கில். இந்த முறை அம்மாவையும் கூட்டிக்கொண்டு முதலில் அமெரிக்கா, திரும்பும் வழியில் ஃப்ராங்க்ஃபர்ட்டில் இறங்கி ஜெர்மனி என்று டிக்கெட் போட்டேன். பாரிஸ் நகரத்தின் நடுத்தெருவையும் டெக்ஸாஸ் புறநகரையும் பக்கத்தில் வைத்துச் சண்டை போடுவது எளிது. இந்த இரண்டு இடங்களும் அப்படியில்லை. இரண்டிலும் வசதியானவர்கள்தான் இருக்கிறார்கள், இரண்டுமே பழைய ஊரை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் புதிதாக எழுந்த குடியிருப்புகள். அதனால் ஒப்பிடுவதில் ஓரளவு நியாயம் உண்டு.

நேப்பர்வில் சிகாகோவிலிருந்து மேற்கே சுமார் 45 கிலோமீட்டர். 1831-இல் ஜோசஃப் நேப்பர் என்பவர் டுபேஜ் ஆற்றங்கரையில் வந்து குடியேறிய இடம். 1950-இல் ஏழாயிரம் பேர் இருந்த ஊர், 2020 கணக்கெடுப்பில் ஒன்றரை லட்சத்தைத் தொட்டுவிட்டது. நெடுஞ்சாலை வந்தது, பெல் லேப்ஸ் போன்ற ஆராய்ச்சிக்கூடங்கள் வந்தன, சோளக்கொல்லைகள் வீட்டு மனைகளாயின. பழைய ஊரின் நடுவில் 1981-இல் செங்கல் பாவி அமைத்த ஆற்றங்கரை நடைபாதை அருமையாக இருக்கிறது. அங்கே நடந்துவிட்டு வர அக்கா வீட்டிலிருந்து காரில் போக வேண்டும்.

அக்கா வீட்டைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாடியில் நான்கு படுக்கையறை, கீழே விருந்தாளிகளுக்கென்றே ஒரு அறை, அதற்கும் கீழே பேஸ்மெண்ட்டில் ஒரு டேபிள் டென்னிஸ் மேஜை. சமையலறையில் இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ், கராஜில் இன்னொன்று. கராஜில் எதற்கு என்று அம்மா கேட்டாள். வாரம் ஒருமுறை காஸ்ட்கோவில் வாங்கி வரும் பாலும் காய்கறியும் ஒரு ஃப்ரிட்ஜில் அடங்காது என்றாள் அக்கா.

அம்மா கும்பகோணத்தில் தினமும் பையை எடுத்துக்கொண்டு தானே கடைத்தெருவுக்குப் போகிறவள். வந்த சில நாட்களிலேயே, கறிவேப்பிலை வாங்க நடந்தே போகலாம் வா என்றாள். மேப்பில் பார்த்தால் இந்தியக் கடை பக்கத்தில்தான் இருந்தது. கிளம்பினோம். நடைபாதை இருக்கிறது, பளிச்சென்று இருக்கிறது. ஆனால் தெரு வளைந்து வளைந்து போய் ஒரு வட்டத்தில் முடிந்துவிட்டது. அதற்குப் பின்னால் வேலி, வேலிக்குப் பின்னால் மழைநீர்க் குளம், குளக்கரை முழுக்கக் கனடா வாத்துகளும் அவற்றின் எச்சமும். கடையின் முதுகு கண்ணுக்குத் தெரிகிறது, போக வழி இல்லை. திரும்பி வந்து சுற்றினால் ஆறு வழிச் சாலை. பட்டனை அழுத்திக் காத்திருந்தோம். நடக்கலாம் என்று காட்டும் வெள்ளை மனித உருவம் எரிந்து, அம்மா பாதிச் சாலை தாண்டுவதற்குள் மீதி விநாடிகளைக் காட்டும் எண்கள் ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிட்டன. அதற்கப்புறம் கடையின் பார்க்கிங், அதைக் கடப்பதே தனி நடை. நடுவில் ஒரு பெரிய காரை ஓரங்கட்டி ஒரு பெண்மணி கண்ணாடியை இறக்கினார். கார் ரிப்பேரா, எங்காவது கொண்டுபோய் விடட்டுமா என்று உண்மையான கவலையோடு கேட்டார். அங்கே சாலையோரம் ஒரு வயதான அம்மாள் புடவையில் நடந்து போனால் ஏதோ ஆபத்து என்றுதான் அர்த்தம்.

இதற்குக் காரணம் அமெரிக்கர்களின் சோம்பல் இல்லை. வீடு கட்டும் பகுதியில் வீடு மட்டும், கடை கட்டும் பகுதியில் கடை மட்டும் என்ற சட்டம் அது. ஓஹையோவின் யூக்ளிட் என்ற ஊர் போட்ட அப்படியொரு விதியை 1926-இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. நாடு முழுக்க அதே பாணி பரவியது. தெருமுனைப் பெட்டிக்கடையை யாரும் மூடவில்லை, அது திறக்கவே இடம் வைக்கவில்லை.

பகல் நேரத்தில் அந்தத் தெருவில் ஆள் அரவமே இருக்காது. பிள்ளைகளைப் பார்க்க ஆறு மாதம் வந்துவிட்டுப் போகும் நம் ஊர்ப் பெற்றோர்கள் பலர் இதைச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். மாலை நான்கு மணிக்கு மஞ்சள் ஸ்கூல் பஸ் வந்து பக்கவாட்டில் 'நில்' பலகையை நீட்டும். இரண்டு பக்கமும் கார்கள் அப்படியே உறைந்து நிற்கும். குழந்தைகள் இறங்கித் தெருவைக் கடந்த பிறகுதான் அசையும். அம்மாவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது, தினமும் ஜன்னலோரம் வந்து நிற்பாள். அதற்கப்புறம் அக்காவின் இரண்டாவது வேலை தொடங்கும். மகனை வயலினுக்குக் கொண்டு விட்டு, மகளை பரதநாட்டியத்திலிருந்து கூட்டி வந்து, திரும்ப வயலினுக்கு. நாளெல்லாம் ஆபீஸ், மாலையெல்லாம் ஸ்டியரிங். மகனுக்குப் பதினாறு முடிந்து லைசென்ஸ் வரும் நாளை அவனைவிட அவள்தான் அதிகம் எதிர்பார்க்கிறாள்.

எதற்கு இவ்வளவு தூரம் வந்து வீடு வாங்கினீர்கள் என்று அக்காவின் கணவரை, மாமாவைக் கேட்டேன். "ஸ்கூலுக்குத்தான்டா" என்றார். நேப்பர்வில் இருக்கும் இலினாய் மாநிலத்தில் வீட்டு வரியில் பெரும்பகுதி அந்த வட்டாரப் பள்ளிக்கே போகிறது. வீட்டு விலை ஏறினால் வரி ஏறும், வரி ஏறினால் பள்ளி செழிக்கும், பள்ளி செழித்தால் வீட்டு விலை மறுபடி ஏறும். அந்தச் சுற்றுக்குள் நுழையப் பணம் இல்லாதவர்களின் பிள்ளைகள் வேறு எங்கோ படிக்கிறார்கள். வேலி போடாமலேயே வேலி. மாமா இதை மறுக்கவில்லை, தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த தோசையைப் போட்டுக்கொண்டார்.

நல்லதையும் சொல்லியாக வேண்டும். சக்கர நாற்காலி போகாத கடையோ நூலகமோ நான் பார்க்கவில்லை. 1990-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் வேலை அது. எங்கே போனாலும் இலவசக் கழிப்பறை, இலவசத் தண்ணீர். நாங்கள் வந்திருப்பது தெரிந்து எதிர்வீட்டுக்காரர் வாழைப்பழ பிரெட் செய்து எடுத்து வந்தார். பக்கத்து அரோராவில் 1986-இல் கட்டிய பாலாஜி கோயில். அங்கே தரிசனம், கீழே கேண்டீனில் சாப்பாடு என்று அம்மாவின் சனிக்கிழமைகள் களைகட்டின. காரில் போனால்தான், அது வேறு விஷயம்.

ஃப்ரைபுர்க் வேறு கதை. 1944 நவம்பரில் குண்டு வீசி இந்த ஊரின் பழைய பகுதியைத் தரைமட்டமாக்கினார்கள், பேராலயம் தப்பியது. திரும்பக் கட்டும்போது கார்களுக்காக அகலத் தெரு போடாமல் பழைய சந்துகளின் போக்கிலேயே கட்டினார்கள். மற்ற ஊர்கள் டிராமைப் பிடுங்கியபோது இவர்கள் வைத்துக்கொண்டார்கள். 1970-களில் நகர மையத்தை நடப்பவர்களுக்கு விட்டுவிட்டார்கள்.

தம்பி இருப்பது வோபான் என்ற பகுதியில். அது பிரெஞ்சு ராணுவத்தின் முகாமாக இருந்த இடம். அவர்கள் 1992-இல் காலி செய்த பிறகு அங்கே குடியிருப்பு வந்தது. இங்கே கார் வைத்துக்கொள்ளத் தடை இல்லை. ஆனால் வீட்டு வாசலில் நிறுத்த முடியாது, குடியிருப்பின் ஓரத்தில் இருக்கும் அடுக்குக் கராஜில் பல ஆயிரம் யூரோ கொடுத்து இடம் வாங்க வேண்டும். வேண்டாம் என்பவர்கள் 'எங்களிடம் கார் இல்லை' என்று எழுதிக் கொடுக்கிறார்கள். தம்பி எழுதிக் கொடுத்தவன். 2006-இல் வந்த டிராம், புல் விரித்த தண்டவாளத்தில், வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் போகிறது. கால் மணியில் ஊர் நடுவில் இறங்கலாம்.

எனக்கு ஆச்சரியம் தந்த விஷயம் ஒன்று உண்டு. வோபானிலும் தெருக்கள் முட்டுச்சந்துகள்தான், நேப்பர்வில் மாதிரியே. வித்தியாசம், இங்கே சந்து காருக்கு மட்டும் முடிகிறது. கடைசி வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பாதை, சைக்கிளும் குழந்தை வண்டியும் அதில் நுழைந்து அடுத்த தெருவுக்கும் கடைக்கும் போய்விடுகின்றன. அக்கா வீட்டுப் பின்னாலிருந்த வேலியில் ஒரு சின்னக் கதவு வைத்திருந்தால் அம்மாவுக்கு ஐந்து நிமிட நடை.

முதல் வாரமே அம்மா தனியாக வெளியே போக ஆரம்பித்துவிட்டாள். ஜெர்மன் ஒரு வார்த்தை தெரியாது. பேக்கரியில் விரலைக் காட்டுவாள், சில்லறையை உள்ளங்கையில் விரித்து நீட்டுவாள், அந்தப் பெண் எண்ணி எடுத்துக்கொள்வாள். தம்பி மகளுக்கு ஒன்பது வயது. தனியாகத்தான் பள்ளிக்கு நடக்கிறாள், பாட்டிக்கு டிராம் ஏறக் கற்றுக் கொடுத்தவளும் அவள்தான். வீட்டு ஃப்ரிட்ஜ் இடுப்பு உயரம். அன்றன்றைக்கு வாங்குகிறவர்களுக்கு அது போதும். பால்கனியில் துணி காய்கிறது. நேப்பர்வில்லில் அக்கா குடியிருப்பின் விதிப்படி வெளியே துணி காயப்போடக் கூடாது, நல்ல வெயிலில் டிரையர் ஓடியதைப் பார்த்து அம்மா புலம்பியது தனிக் கதை.

இதையெல்லாம் படித்துவிட்டு ஜெர்மனி சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். தம்பி வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அம்மாவின் முழங்காலுக்கு ஒவ்வொரு படியும் கணக்கு. வாடகையைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், வீட்டின் மொத்த அளவு அக்காவின் பேஸ்மெண்ட் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா இட்லிக்கு மாவரைக்க கிரைண்டர் ஸ்விட்சைப் போட, தம்பி குளியலறையிலிருந்து நுரையோடு ஓடி வந்து நிறுத்தினான். ஞாயிறு அமைதி நாள், சத்தம் ஆகாது. காலி பாட்டில்கள் ஒரு பை நிறைய வாசலில் இருந்தன. கண்ணாடித் தொட்டியில் ஞாயிறன்று போடக் கூடாதென்று திங்கள்வரை வைத்திருந்தான். "இவ்வளவு பயந்துகிட்டு யாராவது குடித்தனம் நடத்துவாங்களா" என்று அம்மா கேட்டாள். வாழைப்பழ பிரெட் யாரும் கொண்டு வரவில்லை.

பள்ளி விஷயத்திலும் அப்படித்தான். ஆசிரியர் சம்பளத்தை மாநிலம் கொடுக்கிறது, தெருவின் வீட்டு விலையைப் பொறுத்து அது மாறாது. ஆனால் நான்காம் வகுப்பு முடித்ததும் யார் எந்த வகைப் பள்ளிக்கு என்று பிரிக்கிறார்கள். பத்து வயதில் வரும் அந்தப் பிரிவை நினைத்துத் தம்பி மனைவிக்கு இப்போதே தூக்கம் இல்லை.

என்னைக் கேட்டால் எனக்கு ஃப்ரைபுர்க்தான். காரணம் டிராம் இல்லை. நேப்பர்வில்லில் அம்மா எங்கே போக வேண்டுமென்றாலும் யார் முகத்தையாவது பார்க்க வேண்டியிருந்தது. "நீ ஃப்ரீயா இருந்தா" என்று தொடங்கும் வாக்கியங்களை அவள் அதிகம் பேசியது அங்கேதான். ஃப்ரைபுர்கில் செருப்பை மாட்டிக்கொண்டு, "வரேன்டா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அக்காவிடம் இதைச் சொன்னபோது அவளுக்குக் கோபம் வந்துவிட்டது, அதுவும் நியாயம்தான். வீட்டுக்காரி குறையில்லாமல் பார்த்துக்கொண்டாள், ஊரின் அமைப்பை அவளா போட்டாள்? அடுத்த வருடத்துக்கு இரண்டு பேருமே கூப்பிட்டிருக்கிறார்கள். அம்மா தம்பியிடம் தரைத்தளத்தில் வீடு ஏதும் காலியாகிறதா என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறாள்.

பெற்றோரைக் கூட்டிப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். நேப்பர்வில் போனால் சிகாகோவுக்கு மெட்ரா என்ற புறநகர் ரயிலில் ஒருமுறையாவது போய் வாருங்கள், யூனியன் ஸ்டேஷனில் இறங்கி ஆற்றோரம் நடக்கலாம், அம்மாவுக்கு அதுதான் நிஜமான ஊராகத் தெரிந்தது. ஜெர்மனியில் ஒரு மாதம்போல இருப்பதானால் டாய்ச்லாண்ட் டிக்கெட் எடுங்கள். 2023-இல் 49 யூரோவில் தொடங்கி, 2025-இல் 58 ஆனது. நாடு முழுக்க டிராம், பஸ், உள்ளூர் ரயில் எல்லாம் அதில் அடங்கும், தொலைதூர விரைவு ரயில்கள் மட்டும் ஆகாது. அது மாதச் சந்தா, ரத்து செய்ய மறந்தால் ஊருக்கு வந்த பிறகும் பணம் பிடிப்பார்கள். ஞாயிறன்று கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், பாலும் காயும் சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள். பொதுக் கழிப்பறைக்குச் சில்லறை நாணயங்கள் எப்போதும் பையில் இருக்கட்டும்.