36 வயதில் தாதியர் கல்லூரி

தாதியர் படிப்புக்குப் போகப் போகிறேன் என்று சொன்னதும் சொந்தக்காரர்கள் எல்லோரும் வயதைப் பற்றித்தான் பேசினார்கள். நான் விண்ணப்பித்த தனியார் கல்லூரியில் வயதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்தாம் படிவத்தில் எழுதும் அரசுத் தேர்வான எஸ்.பி.எம். சான்றிதழைத்தான் கேட்டார்கள். டிப்ளோமாவில் சேர அப்போது ஐந்து பாடங்களில் கிரெடிட், அதாவது வெறும் தேர்ச்சிக்கு மேலான தரம், வேண்டியிருந்தது. மலாய்மொழி, கணிதம், ஓர் அறிவியல் பாடம் மூன்றும் அந்த ஐந்துக்குள் இருக்க வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் தேர்ச்சியாவது கேட்டார்கள். என்னிடம் மூன்று கிரெடிட்தான் இருந்தது. கணிதமும் அறிவியலும் வெறும் தேர்ச்சி. ஆகவே கல்லூரிக்குப் போகும் முன்னால், பள்ளிச் சீருடைப் பிள்ளைகளுக்கு நடுவில் தனியார் பரீட்சார்த்தியாக உட்கார்ந்து அந்த இரண்டு பாடங்களை மறுபடி எழுத வேண்டியிருந்தது.

அதற்கு முன் பல ஆண்டுகள் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஒரு தனியார் கிளினிக்கில் முகப்பு வேலை பார்த்தேன். அட்டை எடுப்பது, மாத்திரை எண்ணிப் போடுவது, இரத்தக் கொதிப்பு பார்ப்பது, வேளை எழுதிக் கொடுப்பது. சுற்றுவட்டாரத் தோட்டத்துச் சனங்கள்தான் அதிகம் வருவார்கள். ஒரு காலத்தில் தோட்டத்திலேயே சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. எல்லோரும் டிரெசர் என்று கூப்பிட்ட மருத்துவ உதவியாளர் இருந்தார். அந்த உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965இல் தனிச் சட்டம் வந்தது. நடுராத்திரியில் கதவைத் தட்டினாலும் டிரெசர் ஐயா எழுந்து வருவார் என்று அம்மா சொல்லுவார். கித்தா என்கிற ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. லய வீடுகள் காலியாயின, சனங்கள் பட்டணத்துத் தாமான் குடியிருப்புகளுக்கு வந்தார்கள். அந்த ஏற்பாடும் பல தோட்டங்களில் இல்லாமல் போனது. டிரெசரிடம் கேட்ட கேள்விகளை அப்புறம் கிளினிக் முகப்பில் இருந்த எங்களிடம் கேட்க ஆரம்பித்தார்கள்.

"இந்த மாத்திரையும் அந்த மாத்திரையும் ஒண்ணாப் போடலாமா தங்காச்சி?"

டாக்டரிடம் கேளுங்கள் என்று சொன்னால், உள்ளே போய்த் தலையை ஆட்டிவிட்டு வருவார்கள். வெளியே வந்து மறுபடி என்னிடம்தான் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு வேண்டும் என்ற ஆசைதான் என்னைப் படிக்க வைத்தது. சம்பளமும் ஒரு காரணம். பிள்ளைகள் வளர்கிறார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எஸ்.பி.எம். கதையை நீட்ட வேண்டியதில்லை. மகளின் பாடப்புத்தகம், ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர், வேலை முடிந்த மாலைகள். இரண்டிலும் கிரெடிட் கிடைத்தது. கல்லூரிப் பணத்துக்கு பி.டி.பி.டி.என். என்ற அரசாங்க உயர்கல்விக் கடன் எடுத்தேன். இ.பி.எஃப். என்ற ஊழியர் சேமநிதியின் இரண்டாம் கணக்கில் படிப்புக்கென்று பணம் எடுக்க அப்போது வழி இருந்தது, அதையும் எடுத்தேன். கிளினிக்கில் பிடித்த சேமநிதி அப்படித்தான் உதவியது.

வீட்டுக் கதையைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். பெரிய வயதில் படிக்கப் போகிற பெண்ணுக்கு மூளை பழைய மாதிரி ஓடுமா என்றுதான் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது, காலையில் அடுப்பை யார் பற்ற வைப்பது என்று. என் கணவர் செம்பனைக் குலை லோரி ஓட்டுகிறார். விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். கல்லூரி ஈப்போவில். பிள்ளைகளைப் பசியாற வைத்துப் பள்ளிக்கு அனுப்பும் பொறுப்பை மாமியார் எடுத்துக்கொண்டார். அவருக்கே முழங்கால் வலி. அவர் காலத்தில் தோட்டத்தில் ஆயாக்கொட்டகை இருந்தது, பிள்ளைகளை விட்டுவிட்டு விடியற்காலையில் கித்தா மரம் வெட்டிப் பால் எடுக்கப் போவார்கள். "எனக்குக் கொட்டகை இருந்துச்சு, ஒனக்கு நான் இருக்கேன், போ" என்றார். சான்றிதழில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அந்த மூன்று ஆண்டுகளில் அவர் பார்த்த வேலைக்கு எந்தக் கணக்கும் இல்லை. இப்படி ஒருவர் இல்லாத பெண்களுக்கு மனவுறுதி இருந்தால் போதும் என்று மேடையில் பேசுகிறவர்களைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். மனவுறுதி எங்கள் சனங்களிடம் தாராளமாக இருக்கிறது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள்தான் இல்லை.

வகுப்பில் மற்றவர்கள் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள். தமிழ்ப் பிள்ளைகள் அக்கா என்றார்கள், மலாய்ப் பிள்ளைகள் காக் என்றார்கள். எனக்கு ஆறு ஆண்டு தமிழ்ப்பள்ளி, ஒரு வருடம் புகுமுக வகுப்பு, அப்புறம் ஐந்தாம் படிவம் வரை மலாய். கல்லூரியில் எல்லாப் பாடமும் ஆங்கிலம். எலும்பு, நரம்பு, இரத்தக் குழாய் என்று பெயர்கள் குவிந்தன. சின்னப் பிள்ளைகள் ஒருமுறை படித்தால் நிற்கிறது. நான் ஒரு பக்கத்தை மூன்று தடவை படிப்பேன், பிறகு கிளினிக்கில் பார்த்த யாராவது ஒருவரோடு சேர்த்து வைத்துக்கொள்வேன். இதய வால்வு என்றால் மூச்சு வாங்கிக்கொண்டு படியேறி வரும் அந்த ஆயா. சிறுநீரகம் என்றால் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் போகிற அந்த முன்னாள் கங்காணி. அப்படிப் படித்தது மறக்கவில்லை.

மருந்துக் கணக்குதான் பலருக்குப் பயம். எனக்கு அது பிடித்துப்போனது, அதற்குக் காரணம் அம்மா. தோட்டத்தில் கித்தாப் பாலை அளக்கும்போது எத்தனை லிட்டர் என்பது பாதிக் கணக்குத்தான். பாலில் காய்ந்த ரப்பர் எவ்வளவு இருக்கிறது என்று மெட்ரோலேக் கருவியை விட்டுப் பார்ப்பார்கள். பத்து லிட்டர் பாலில் முப்பது சதவீதம் என்றால் சுமார் மூன்று கிலோ. மழை நீர் கலந்துவிட்டால் வாளி நிறைந்திருக்கும், கூலி குறையும். தோட்டத்துக் கணக்கர் கிராணி எழுதுவதற்குள் அம்மா மனக்கணக்காகச் சொல்லிவிடுவார். மருந்தும் அப்படித்தான். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பாராசிட்டமோல் சிரப் 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. 12 கிலோ எடையுள்ள பிள்ளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று வைத்தால் 180 மில்லிகிராம். முதல் பாட்டிலில் அது 7.5 மில்லி, இரண்டாவதில் 3.6 மில்லி. முதல் பாட்டிலின் அளவில் இரண்டாவது பாட்டிலை ஊற்றினால் பிள்ளைக்கு இரட்டிப்புக்கு மேல் போய்விடும். ஒரு வீட்டில் இரண்டு பாட்டிலும் இருப்பது சாதாரணம், ஒன்று கிளினிக்கில் கொடுத்தது, ஒன்று கடையில் வாங்கியது. இதை ஒவ்வொரு தாயிடமும் பாட்டிலைத் திருப்பிக் காட்டிச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. கூட்டமாக இருக்கிறது, நேரமில்லை என்று விடக்கூடாது.

கல்லூரி எனக்குக் கொடுத்த பெரிய விஷயம், பார்த்ததை அளந்து எழுதும் பழக்கம். கிளினிக்கில் ஒருவரைப் பார்த்தால் 'ஆள் சரியில்லை' என்று எங்களுக்குப் புரிந்துவிடும். உள்ளே போய் டாக்டரிடம் அப்படியே சொல்லுவோம், அவர் வந்து பார்ப்பார். பெரிய வார்டில் அது போதாது. உதாரணத்துக்கு, தலையில் அடிபட்டு வருகிறவரின் சுயநினைவை கிளாஸ்கோ அளவுகோலில் எழுத வேண்டும். 1974இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் டீஸ்டேல், ஜென்னட் என்ற இரண்டு மருத்துவர்கள் வெளியிட்டது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கைகால் அசைவுக்கு 6. கூட்டினால் 15, ஆகக் குறைந்தது 3. லோரிப் பட்டறை விபத்தில் வந்த ஒருவருக்கு முதலில் 14, ஒரு மணி நேரத்தில் 12. எனக்கு முன் பார்த்த தாதி 14 என்று எழுதி வைத்ததால்தான் நான் பார்த்த 12க்கு அர்த்தம் வந்தது. டாக்டர் உடனே வந்தார். 'தூக்கக் கலக்கமா இருக்கார்' என்று எழுதியிருந்தால் யாரும் அவ்வளவு வேகமாக வந்திருக்க மாட்டார்கள்.

அளக்கக் கற்ற பிறகும், எதை அளப்பது, யாரிடம் என்ன கேட்பது என்பதற்குப் பழைய ஆண்டுகள்தான் கைகொடுக்கின்றன. நம் சனங்களுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், அதிகம். 2019இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூன்றில் ஒருவர். வார்டில் அது எண்ணாக இருப்பதில்லை, கால் புண்ணாக வருகிறது. செம்பனைக் காட்டில் நாள் முழுக்க ரப்பர் பூட்ஸுக்குள் ஈரத்தோடு இருந்த கால். நீண்ட நாள் சர்க்கரை ஏறி நின்றால் பாதத்து நரம்பு செத்துப்போய் வலி தெரியாமல் போய்விடும். ஒரு பெரியவர் காய்ச்சலுக்குத்தான் வந்தார். காலைக் காட்டச் சொன்னேன்.

"வலியே இல்ல மிஸ்ஸி. வலிச்சா வந்திருக்க மாட்டேனா?"

பெருவிரலுக்கு அடியில் புண் ஆழமாகப் போயிருந்தது. வலி இல்லாததுதான் ஆபத்து என்று அவருக்குச் சொல்லிப் புரியவைக்க வெகுநேரம் ஆனது. உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க, பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு, "தொட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மகன் பார்த்துக்கொண்டு நின்றான். அன்றைக்கு அவனுக்குப் புரிந்தது. டிஸ்சார்ஜ் ஆன பிறகு தினமும் இரவில் அப்பாவின் பாதத்தைப் பார்க்கும் பொறுப்பை அவனிடம்தான் ஒப்படைத்தோம்.

தைப்பூச மாதத்தில் வேறு மாதிரி. இரத்தத்தில் சர்க்கரை 4 mmol/Lக்குக் கீழே இறங்கி, வேர்த்து, கை நடுங்கி ஓர் அம்மாவைக் கொண்டுவந்தார்கள். சாப்பிட்டீர்களா என்று கேட்டதற்கு சாப்பிட்டேன் என்றார். மாத்திரை போட்டீர்களா, போட்டேன். எல்லாம் சரியாக இருந்தது, சர்க்கரை மட்டும் ஏன் இறங்கியது என்று புரியவில்லை. அவர் கழுத்தில் மாலை இருந்தது. "விரதமாம்மா? கல்லுமலை முருகனுக்குக் காவடியா?" என்று கேட்டேன். மகனுக்கு வேண்டுதல், ஒருவேளைதான் சாப்பாடு, காலையில் வெறும் பால். மாத்திரையை மட்டும் நாள் தவறாமல் இரண்டு வேளையும் போட்டிருக்கிறார். விரதத்தை விடச் சொன்னால் விடமாட்டார், மருத்துவமனைக்கு வருவதை விட்டுவிடுவார். டாக்டரிடம் சொல்லி, விரத நாட்களுக்கு மாத்திரை அளவையும் நேரத்தையும் மாற்றி வாங்கிக் கொடுத்தோம். இப்போது மார்கழி பிறந்ததும், சிகிச்சைக்கு வருகிறவர்களிடம் இந்தக் கேள்வியை நானே முன்கூட்டிக் கேட்டுவிடுகிறேன்.

இதனால்தான் எனக்கு ஒரு மனக்குறை. முப்பது, நாற்பது வயதில் வருகிற பெண்கள் பலர் வீட்டில் படுக்கையில் கிடந்த ஒருவரைப் பார்த்திருப்பார்கள். புண்ணுக்குக் கட்டுப் போட்டிருப்பார்கள், இன்சுலின் குத்தியிருப்பார்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்திருப்பார்கள். சேர்க்கையின்போது இதைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. அனுபவம் இருந்தால் பாடத்தைக் குறைத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. மருந்தும் கிருமியும் படிக்காமல் வார்டுக்குள் யாரும் வரக்கூடாது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கணிதத்தில் கிரெடிட் இல்லை என்பதற்காக வாசலிலேயே திரும்பிப் போகிறவர்களுக்கு, அந்தக் கிரெடிட்டை எடுக்க ஒரு வழி ஊரிலேயே இருக்க வேண்டும். மாலை நேர வகுப்பு, பிள்ளைகளை உட்கார வைக்க ஓர் அறை. இவ்வளவுதான் தேவை. கோயில் மண்டபமும் பள்ளி வகுப்பறையும் மாலையில் காலியாகத்தான் கிடக்கின்றன.

இரவு வேலை இந்த வயதில் கஷ்டம். ஒன்பது மணிக்குப் போய்க் காலை ஏழு மணிக்குக் கைமாற்றிவிட்டு மோட்டாரில் வீட்டுக்கு வந்தால், பகலில் தூக்கம் பிடிக்காது. டிப்ளோமா முடிந்து, தாதியர் வாரியத் தேர்வு எழுதிப் பெயரைப் பதிவு செய்த பிறகும் படிப்பு நிற்பதில்லை. தொழில் சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்கப் பயிற்சிப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். இதையெல்லாம் தெரிந்துகொண்டு வருவது நல்லது.

என்னைப் போலவே கிளினிக்கில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் இப்போது ஓய்வு நாளில் என் வீட்டுக்கு வருகிறார்கள். எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே ஆசிரியர்தான் வந்து கணிதம் நடத்துகிறார். பின்னம் முடிந்து விகிதத்துக்கு வந்திருக்கிறோம். ஒருத்திக்குச் சின்னப் பிள்ளை, அது மாமியார் மடியில் இருக்கிறது. வருகிற ஆண்டு எஸ்.பி.எம். தனியார் பதிவு திறந்ததும் இருவரும் பெயர் கொடுக்கப் போகிறார்கள்.