வாடகையில் வந்து நின்ற வழக்கு

திருப்பூரை அடுத்த பெருமாநல்லூர்ப் பக்கம் எங்கள் அப்பாவின் தோட்டத்தில் செட் போட்டு, மச்சானும் நானும் துணி பின்னும் நிட்டிங் மெஷின் நாலு ஓட்டினோம். 2014இல் ஆரம்பித்தது. 2023 தீபாவளி போனஸ் கணக்கில் வாய் தடித்து, நவம்பரோடு பிரிவது என்று ஆனது.

பார்ட்னர்ஷிப் பத்திரத்தில் தகராறு வந்தால் ஆர்பிட்ரேஷன் என்று ஒரு வரி இருந்தது, அதாவது கோர்ட்டுக்குப் போகாமல் இரு தரப்பும் ஒத்துக்கொண்ட ஒருவர் தீர்ப்புச் சொல்வது. கையெழுத்துப் போட்டபோது இரண்டு பேருமே படிக்கவில்லை. வக்கீல்தான் எடுத்துக் காட்டினார். ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி ஒருவரை இரு தரப்பும் ஒத்துக்கொண்டோம். முதல் நாளே அவர் கேட்டார்: “முதல்ல பேசிப் பாக்கலாமுங்களா? எதுல நிக்குதோ அதை மட்டும் நான் தீர்த்து வெக்கறேன்.”

1996 ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 30ஆம் பிரிவில் இதற்கு இடமிருக்கிறது. இரு தரப்பும் சம்மதித்தால் தீர்ப்புச் சொல்ல வந்தவரே சமரசமும் பேசலாம். உடன்பட்டதை அவார்டாகவே, அதாவது ஆர்பிட்ரேஷன் தீர்ப்பாகவே, எழுதித் தரலாம். அதற்கும் கோர்ட் தீர்ப்புப் போல மதிப்பு உண்டு. ஊர்ப் பெரியவர் திண்ணையில் செய்வதும் கிட்டத்தட்ட இதுதானே என்று எனக்குத் தோன்றியது. என்ன, இங்கே எல்லாவற்றுக்கும் எழுத்தில் சம்மதம் வாங்கினார்கள்.

மெஷின் விலையில்தான் பெரிய சண்டை வரும் என்று நினைத்தேன். மெஷின் என்னிடம் நிற்பது என்பதால் மச்சான் 31 லட்சம் என்றார், நான் 22 என்றேன். பொதுவாக ஒரு மதிப்பீட்டாளரைக் கூப்பிட்டோம். அவர் டயா (சிலிண்டரின் விட்டம்), கேஜ் (ஓர் அங்குலத்துக்கு எத்தனை ஊசி) குறித்துக்கொண்டு, சிலிண்டரில் விரலை ஓட்டிப் பார்த்து, இரண்டு மெஷினுக்கு ஊசி முழுக்க மாற்றணும் என்றார். இருபத்தைந்தரையில் முடிந்தது. வர வேண்டிய ஜாப் ஒர்க் பாக்கி, பேங்க் ஓ.டி. (ஓவர்டிராஃப்ட்) கடன் எல்லாம் நாலு அமர்வில் தீர்ந்துவிட்டன.

நின்றது செட் வாடகை. மாதம் 12,000 வீதம் 36 மாதத்துக்கு 4,32,000 ரூபாய் நிறுவனக் கணக்கிலிருந்து எனக்கு வர வேண்டும் என்பது என் கட்சி. “சொந்தத்துக்குள்ள வாடகையா மாப்ளே?” என்று மச்சான் ஒரே பிடியாக நின்றார்.

இதில் நான் ஒரு தப்பு செய்தேன். நீதிபதி எங்களைத் தனித்தனியாகவும் கூப்பிட்டுப் பேசினார். “எல்லாத்தையும் கொட்டிராதீங்க, நாளைக்குத் தீர்ப்புச் சொல்லப்போறவரும் அவர்தான்” என்று வக்கீல் முன்பே சொல்லியிருந்தார். ஆனால் அந்த மனிதர் டீயை நகர்த்தி வைத்து, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று விசாரித்த விதத்தில், “பாதி வந்தாலும் போதுமுங்க” என்று சொல்லிவிட்டேன்.

மச்சான் அசையவில்லை. வாடகை விஷயம் தீர்ப்புக்குப் போனது. அதற்கு முன் நீதிபதி மறுபடி கேட்டார்: “சமரசம் பேசின நானே தீர்ப்பும் சொல்லலாமா, வேற ஆளை வெச்சுக்கறீங்களா?” தனியாகப் பேசியதை ஆதாரமாக எடுக்க மாட்டேன் என்றும் எழுதிக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல அதுதான் நேரம். புது ஆள் என்றால் புது ஃபீஸ், மறுபடி முதலிலிருந்து. கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு விசாரணை நடந்தது. பேரேட்டை விரித்து வைத்தார்கள். 2022 ஏப்ரலிலிருந்துதான் வாடகை என்று வரவு வைத்த வரி இருந்தது. அதற்கு முன் ஒன்றுமில்லை. 20 மாதத்துக்கு 2,40,000 என்று அவார்டு வந்தது. கணக்கு நேராகத்தான் இருக்கிறது, காரணமும் எழுதியிருந்தார். ஆனால் நான் சொன்ன பாதி 2,16,000. இரண்டும் இவ்வளவு பக்கத்தில் வந்ததும் ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால்? மச்சானும் உள்ளே போய் என்ன சொன்னாரோ, அது எனக்குத் தெரியாது.

அவார்டை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போக மூன்று மாதம், தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 30 நாள், அதற்கு மேல் கிடையாது என்றார் வக்கீல். நான் போகவில்லை, மச்சானும் போகவில்லை. செக் பாஸானது. ஜி.எஸ்.டி.யில் அவர் பெயரை எடுக்க ஓ.டி.பி. கேட்டு நான்தான் போன் செய்தேன். நம்பரைச் சொல்லிவிட்டு, “மூணாவது மெஷின்ல எண்ணெய் ஒழுகுமே, பாத்துக்கோ மாப்ளே” என்றார்.