கருமருந்து பவுண்டு முப்பது டாலர்

பழைய ரகத் துப்பாக்கியில் கொட்டிச் சுடும் கருமருந்து எங்கள் பக்கத்துக் கடையில் பவுண்டு முப்பது டாலரைத் தாண்டிவிட்டது. பென்சில்வேனியாவில் நான் பழைய ரகத் துப்பாக்கி சுடக் கற்றுக்கொண்ட காலத்தில் இதே ஒரு பவுண்டு டப்பா இருபது டாலருக்குள் கிடைத்தது. சுவிட்சர்லாந்திலிருந்து வரும் ஸ்விஸ் மருந்து அப்போதே விலை கூட. இப்போது அதைக் கையில் எடுத்து, விலைச் சீட்டைப் பார்த்து, பேசாமல் அலமாரியிலேயே வைத்துவிட்டுப் போகிறவர்களைப் பார்க்கிறேன். ஓய்வூதியத்தில் வாழும் மூத்தவர்கள்தான் அவர்களில் அதிகம். இந்தக் கலையை எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவர்கள்தான். அதனால் இது எனக்கு வெறும் பணக்கணக்கு இல்லை.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் நாட்டுத் துப்பாக்கி என்போமே, மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி, அதே வேலைதான். தோட்டா கிடையாது. குழலின் வாய் வழியாக மருந்தை அளந்து கொட்டி, எண்ணெய் தடவிய துணித் துண்டில் ஈயக் குண்டைப் பொதிந்து, கம்பியால் அடிவரை இறக்க வேண்டும். என்னுடையது .50 காலிபர், அதாவது குழலின் உள்விட்டம் அரை அங்குலம் உள்ள ஃபிளின்ட்லாக். விசையை இழுத்தால் சக்கிமுக்கிக் கல் எஃகுத் தகட்டில் உரசும், பொறி கிண்ணத்தில் இருக்கும் சிட்டிகை மருந்தில் விழும், அந்தத் தீ பக்கத்துத் துளை வழியாக உள்ளே போகும். நீளக் குழல் ரைஃபிளை உருவாக்கியது லங்காஸ்டர் வட்டாரத்தில் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள். அதனாலோ என்னவோ, பென்சில்வேனியா 1974இலிருந்து கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு ஃபிளின்ட்லாக்குக்கு என்றே தனி மான் வேட்டை சீசன் வைத்திருக்கிறது. இங்கே இது அருங்காட்சியகப் பொருள் இல்லை. பனியில் நடந்து போய்ச் சுடுகிற துப்பாக்கி.

இந்த வகைத் துப்பாக்கிக்கு மாற்று மருந்து சரிப்படாது. அதுதான் சிக்கலே. பைரோடெக்ஸ், டிரிபிள் செவன் என்று பதிலி மருந்துகள் உண்டு. தட்டினால் தீ கக்கும் குட்டி உலோக மூடியான கேப் வைத்துச் சுடும் துப்பாக்கியிலும், தீ பின்னாலிருந்து நேராக மருந்துக்குள் போகும் நவீன இன்லைன் துப்பாக்கியிலும் அவை நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அவை பற்றிக்கொள்ள அதிகச் சூடு வேண்டும். கல்லிலிருந்து வரும் பொறிக்கு அந்த வலு இல்லை. கிண்ணம் எரியும், குழல் சும்மா இருக்கும். பிளாக்ஹார்ன் 209 என்ற இன்னொரு பதிலி இன்னும் ஒரு படி மேலே. அதற்கு 209 ப்ரைமர் என்ற பற்றவைப்பானின் பெரிய தீயே வேண்டும், விலையோ கருமருந்தைவிடப் பல மடங்கு. ஆக, கல் துப்பாக்கிக்காரன் அசல் கருமருந்தைத்தான் நம்பியிருக்க வேண்டும். வெடியுப்பு, கரி, கந்தகம், அவ்வளவுதான் சரக்கு. முந்நூறு ஆண்டுக்கு முன் இருந்த அதே மூன்று பொருள்.

மூன்றும் மலிவுதானே, பின் ஏன் இந்த விலை? என்னிடம் அதிகம் பேர் கேட்பது இதைத்தான். காசு போவது பொருளுக்கு அல்ல, செய்முறைக்கு. கனமான உருளைகளின் கீழ் மணிக்கணக்கில் ஈரமாக அரைக்க வேண்டும், அழுத்திப் பாளமாக்க வேண்டும், பாளத்தை உடைத்துக் குருணையாக்கி, மெருகேற்றி, சலிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டமும் தனித்தனிக் கட்டடத்தில், ஒன்றுக்கொன்று எட்ட நடக்க வேண்டும். காப்பீடு, பாதுகாப்பு, அனுமதி எல்லாம் அதன்மேல். இதைச் செய்ய முன்வரும் ஆட்கள் குறைவு.

குறைவு என்றால் எவ்வளவு குறைவு என்பது 2021இல்தான் எங்களுக்கு உறைத்தது. அமெரிக்காவில் நாங்கள் கடையில் வாங்கும் உள்நாட்டுக் கருமருந்து கோயெக்ஸ்தான். பழைய வெடிமருந்து நிறுவனமான டூபாண்ட் நடத்திய மூசிக் ஆலை 1970களில் கைமாறி அந்தப் பெயரைப் பெற்றது. அந்த ஊர் எங்கள் பென்சில்வேனியாவில்தான் இருக்கிறது. பிறகு உற்பத்தி லூசியானாவில் மிண்டன் பக்கம் போனது. 2009இல் துப்பாக்கி மருந்து விற்கும் ஹாட்ஜ்டன் நிறுவனம் அதை வாங்கியது. 2021 செப்டம்பரில் ஆலையை மூடப் போவதாக அறிவித்தார்கள். அந்த வாரம் கடைகளில் அலமாரி துடைத்துவிட்டது போல் ஆனது. யாரோ ஒருவர் பத்து டப்பா வாங்கினார், அதைப் பார்த்த அடுத்தவர் இருபது வாங்கினார். கொரோனாவில் ஏற்கெனவே பதினோராம் நம்பர் கேப் கிடைக்காமல் தவித்த கூட்டம், மருந்தும் போய்விடுமோ என்று பயந்தது நியாயம்தான். 2022 தொடக்கத்தில் எஸ்டீஸ் நிறுவனம் கோயெக்ஸை வாங்கியது. சிறுவர்கள் பறக்கவிடும் மாடல் ராக்கெட்டின் எஞ்சின் செய்பவர்கள் அவர்கள். அந்த எஞ்சினுக்குள் இருப்பதும் கருமருந்துதான், ஆகவே அவர்களுக்கும் அது வேண்டும். உற்பத்தி மறுபடி தொடங்கியது, டப்பா திரும்ப வந்தது, பழைய விலை மட்டும் வரவில்லை. நடுவில் எங்களைக் காப்பாற்றியது ஸ்விஸ்ஸும், ஜெர்மனியிலிருந்து வரும் ஷூட்ஸனும். கப்பல் கட்டணமும் டாலர் மதிப்பும் ஏறி இறங்கும்போதெல்லாம் அவற்றின் விலையும் ஆடும்.

கருமருந்து இப்படி யாரோ ஒருவர் கையில் சிக்கிக்கொள்வது புதிதல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த 1861இல் வடக்கு மாநிலங்களின் படைக்கு மருந்து செய்ய வெடியுப்பு போதவில்லை. அன்றைக்கு நல்ல வெடியுப்பு என்றால் அது பிரிட்டிஷ் இந்தியாவின் சரக்கு, பெரும்பாலும் பீகாரில் மண்ணிலிருந்து காய்ச்சி எடுத்தது. டூபாண்ட் குடும்பத்து லாமோட் டூபாண்டை லண்டனுக்கு அனுப்பி, கிடைத்ததையெல்லாம் வாங்கச் சொன்னார்கள். வாங்கினார். அந்த நேரம் பார்த்து, பிரிட்டிஷ் கப்பலிலிருந்து தெற்கின் தூதர்களை வடக்குக் கடற்படை பிடித்துப்போன டிரெண்ட் கப்பல் விவகாரம் வெடித்து, பிரிட்டன் சரக்கு வெளியேறுவதைத் தடுத்துவிட்டது. தகராறு தீர்ந்த பிறகே கப்பல் கிளம்பியது. டெலாவேரில் பிராண்டிவைன் ஆற்றங்கரையில் அந்தப் பழைய ஆலைகள் இன்றும் இருக்கின்றன, ஹாக்லி அருங்காட்சியகமாக. மூன்று பக்கம் பெரிய கல்சுவர், ஆற்றைப் பார்த்த பக்கம் மட்டும் மெலிவாக விட்டுக் கட்டியிருப்பார்கள். வெடித்தால் வெடிப்பு ஆற்றுப் பக்கம் போகட்டும் என்று. அங்கே நின்று பார்த்துவிட்டு வந்தபின், முப்பது டாலர் ஏன் என்று நான் கேட்பதை விட்டுவிட்டேன்.

சரி, சமாளிப்பது எப்படி?

முதலில் அளவு. ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன். 70 கிரெய்ன் போட்டுச் சுட்டால் நூறு வெடி, முப்பது டாலர் விலையில் வெடிக்கு 30 சென்ட். 50 போட்டால் 140 வெடி. இருபத்தைந்து கஜத்தில் காகித இலக்கைத் துளைக்க 70 எதற்கு? பலர் பழக்கத்தால் போடுகிறார்கள். வேட்டைக்குப் போகும் அளவையே எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்கிறார்கள். நான் செய்தது இது. மேசையில் துப்பாக்கியைத் தாங்கி வைத்து, 70இலிருந்து ஐந்தைந்தாகக் குறைத்து, ஒவ்வொரு அளவுக்கும் புது இலக்கு. என் குழல் 50இல் குண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தது. 65இல் சிதறியது. உங்கள் குழல் வேறு ஏதாவது சொல்லும், அதனிடமே கேட்க வேண்டும்.

கேட்பதற்கு ஒரு வழி, சுட்டபின் துணித் துண்டைத் தேடிப் பொறுக்குவது. குழல் முனையிலிருந்து பத்துப் பதினைந்து அடியில் புல்லில் கிடக்கும். கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். நடுவில் குண்டு உட்கார்ந்த வட்டம் புகைக் கறுப்பாக, துணி முழுசாக, ஓரம் மட்டும் பிசிறாக இருந்தால் எல்லாம் சரி. வட்டத்தைச் சுற்றி ஓட்டை ஓட்டையாகக் கருகியிருந்தால் துணி மெல்லியது, அல்லது எண்ணெய் போதவில்லை. தீ குண்டைத் தாண்டி வீணாகப் போகிறது என்று அர்த்தம். சிலுவை மாதிரி நேர்க்கோட்டில் வெட்டுப்பட்டிருந்தால் குழலுக்குள் சுழலாக வெட்டிய வரி கூர்மையாக இருக்கிறது, அல்லது வாய் ஓரம் மழுங்க வேண்டும். நான் தலையணை உறைக்குத் தைக்கும் கோடு போட்ட டிக்கிங் துணியை, 0.015 அங்குலத்துக்குப் பதில் 0.018 தடிமனுக்கு மாற்றினேன். அதே குழல், அதே குண்டு, மருந்து குறைவு, இலக்கில் கூட்டம் இறுகியது. மருந்தைக் கூட்டி ஈடுகட்டிக்கொண்டிருந்த பலர் உண்மையில் துணியைத்தான் மாற்றியிருக்க வேண்டும் என்பது என் திடமான கருத்து.

இரண்டாவது, சின்னக் குழல். எங்கள் கிளப்பில் போட்டிக்கு .50 கொண்டு வருபவர்கள் குறைந்து .36, .32 பெருகுகின்றன. .32க்கு 20 கிரெய்ன் தாராளம். ஒரு பவுண்டில் 350 வெடி, வெடிக்கு ஒன்பது சென்ட்கூட ஆகாது. ஈயமும் அப்படியே. .50 குழலின் 0.490 அங்குலக் குண்டு 177 கிரெய்ன், பவுண்டு ஈயத்தில் 39 தேறும். .32க்கான குண்டு சுமார் 45 கிரெய்ன்தான். மான் வேட்டைக்கு இது செல்லாது, பென்சில்வேனியாவில் அதற்கு .44க்குக் குறையாத குழல் வேண்டும். அணிலுக்கும் இலக்குக்கும் இதைவிட வேறு எதுவும் வேண்டியதில்லை. காற்றடித்தால் சின்னக் குண்டு தள்ளாடும் என்பது உண்மை. அதைப் பழகிக்கொள்ளலாம்.

கிண்ணத்துக்கு என்று தனியாக நான்கு எஃப் பொடி வாங்குவதையும் விட்டுவிட்டேன் (எஃப் கூடக் கூட குருணை சிறிது). குழலுக்குப் போடும் மூன்று எஃப்பே கிண்ணத்துக்கும் போதும். பற்றும் வேகத்தில் என் கைக்கு வித்தியாசம் தெரியவில்லை. துணிக்குத் தடவுவதும் கடைச் சரக்கு இல்லை. தேன்மெழுகும் கொழுப்பும் கலந்து நானே காய்ச்சிக்கொள்கிறேன். கழுவ வெந்நீரும் பாத்திரம் துலக்கும் சோப்பும். குண்டும் கராஜில், கதவைத் திறந்து வைத்து, லீ நிறுவனத்தின் குண்டு அச்சில் நானே வார்த்துக்கொள்கிறேன். பழைய கூரைத் தகட்டு ஈயம் இன்னும் கிடைக்கிறது.

மூன்றாவது, சேர்ந்து வாங்குவது. கூரியரில் கருமருந்து வரவழைத்தால் ஆபத்தான சரக்குக்கான தனிக் கட்டணம் உண்டு. ஒரு டப்பா வாங்கினாலும் பெட்டி நிறைய வாங்கினாலும் அந்தக் கட்டணம் ஒன்றுதான். தனியாள் இரண்டு டப்பா வாங்கினால் மருந்தின் விலையில் பாதிக்கு மேல் அதற்கே போய்விடும். அதனால் எங்கள் கிளப்பில் ஆண்டுக்கு இரண்டு முறை 25 பவுண்டுப் பெட்டியாக வாங்கிப் பங்கிட்டுக்கொள்கிறோம். பழைய துப்பாக்கிக்கான கருமருந்தை 50 பவுண்டு வரை உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ள மத்தியச் சட்டம் இடம் கொடுக்கிறது. மாநிலமும் ஊராட்சியும் அதைவிடக் குறைவாக வரம்பு போட்டிருக்கலாம், வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். மூசிக் காலத்து டப்பாவில் மிச்சமிருந்ததை ஒரு மூத்தவர் சுட்டுக் காட்டினார், நேற்று வாங்கியது போலவே வெடித்தது. உலர்வாக வைத்தால் இது கெடுவதில்லை. விலை குறையும் நாளில் வாங்கிவைப்பதில் நஷ்டமில்லை.

விலை ஏறும்போது இரண்டு விபரீத யோசனைகளும் கூடவே வரும். ஒன்று, நவீனத் தோட்டாவுக்குப் போடும் புகையில்லா மருந்து வீட்டில் மிச்சமிருந்தால் அதைக் கொஞ்சமாகப் போட்டுச் சுட்டால் என்ன என்பது. தயவுசெய்து வேண்டாம். கருமருந்துக்கென்று செய்த குழல் அந்த அழுத்தத்தைத் தாங்காது, முகத்துக்குப் பக்கத்தில் வெடிக்கும். இரண்டாவது, வீட்டிலேயே மருந்து செய்வது. செய்பவர்கள் இருக்கிறார்கள், சிலர் கெட்டிக்காரர்கள். ஆனால் பிராண்டிவைனில் தலைமுறை தலைமுறையாக இதையே தொழிலாகச் செய்த டூபாண்ட் குடும்பமே ஆட்களை இழந்தது. 1857இல் அலெக்சிஸ் டூபாண்ட் செத்தது வெடிவிபத்தில்தான். குழந்தைகள் இருக்கும் வீட்டில் முப்பது டாலரை மிச்சம் பிடிக்க அந்த வேலையில் நான் இறங்கமாட்டேன். என்னைக் கேட்கும் எவரையும் இறங்கவும் விடமாட்டேன்.

எனக்கு உண்மையில் வலிப்பது வேறு இடம். எங்களைப் போல் வருடக்கணக்காகச் சுடுபவர்கள் எப்படியாவது சமாளித்துவிடுவோம். புதிதாக வரும் பதினான்கு வயதுப் பெண்ணுக்கோ, மளிகைக் கடையில் பகுதிநேர வேலை பார்க்கும் பையனுக்கோ முதல் டப்பாவே மலைப்பு. முதல் மாதம் நூறு வெடியாவது சுட்டால்தான் கண்ணிமைக்காமல் கிண்ணத் தீயைத் தாங்கக் கை பழகும். மருந்தைக் கஞ்சத்தனமாக எண்ணிச் சுட்டால் அந்தப் பழக்கம் வராது. போன கூட்டத்தில் சிறுவர் நாளுக்கும் மருந்துக் கட்டணம் வைக்கலாம் என்று பேச்சு வந்தது. நான் எழுந்து எதிர்த்தேன். 1933இலிருந்து இந்தக் கலையைப் பிடித்து வைத்திருக்கும் தேசியச் சங்கம் இண்டியானாவில் ஃபிரெண்ட்ஷிப் ஊரில் நடத்தும் போட்டிகளுக்குப் போய்ப் பாருங்கள், வரிசையில் நரைத்த தலைகள்தான் அதிகம். பத்து ஆண்டு கழித்து வாங்க ஆளில்லை என்றால் எந்த ஆலை எங்களுக்காகக் கருமருந்து அரைக்கும்?

கட்டணம் வேண்டாம் என்று முடிவானது. பதிலுக்கு ஒரு ஏற்பாடு: பெட்டி வாங்கும்போது ஒவ்வொருவரும் தன் பங்கோடு சிறுவர் கணக்குக்காக ஐந்து டாலர் போடுகிறோம். கிளப்பின் இரண்டு .32 துப்பாக்கிகளும் சனிக்கிழமைகளில் அவர்களுக்குத்தான். அடுத்த பெட்டிக்குச் செப்டம்பர் முதல் வாரம் ஆர்டர் போடுகிறோம், ஃபிளின்ட்லாக் சீசனுக்கு முன்பே கைக்கு வந்துவிட வேண்டும். லங்காஸ்டர், யார்க் பக்கம் இருக்கும் தமிழர்கள் யாருக்காவது ஆசை இருந்தால் ஒரு சனிக்கிழமை வாருங்கள். துப்பாக்கி தருகிறோம், மருந்தும் தருகிறோம். காதுக்கு அடைப்பானும் கண்ணுக்குக் கண்ணாடியும் மட்டும் கொண்டு வாருங்கள்.