வளைந்தால்தான் வெட்டும்: மூன்று பழைய ரேசர்கள்

இலங்கை மலையகத்தில், எங்கள் ஹட்டனில் மழை பிடித்துக்கொண்டதால் பித்தளைச் சாமான்களைக் கழுவி உலர்த்துவதே பெரும்பாடாக இருக்கிறது. ஆனாலும் சேர்த்து வைத்த பழைய ரேசர்களில் மூன்று சவரத்துக்குத் தயாராகிவிட்டன. மூன்றும் ஜில்லெட். ஒன்று 1921இல் வந்த ‘நியூ இம்ப்ரூவ்டு’, சீப்புப் பற்கள் உள்ளது. அடுத்தது 1938இல் வந்த ‘டெக்’. இன்னொன்று 1947இல் அறிமுகமான ‘சூப்பர் ஸ்பீடு’. அடிக்குமிழைத் திருகினால் தலை இரட்டைக் கதவாகத் திறக்கும்.

சுத்தம் செய்வதற்கு வெதுவெதுப்பான நீர், பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய டூத் பிரஷ் போதும். நிக்கல் பூச்சு மெல்லியது என்பதால் புளி, தேசிக்காய் எதையும் கிட்டவே விடுவதில்லை. டெக்கின் திருகு மரையில் பச்சைக் களிம்பு கெட்டித்துப் போயிருந்தது. மூங்கில் குச்சியைக் கூராகச் சீவி, ஒவ்வொரு மரையாகச் சுரண்டி எடுத்தேன். சூப்பர் ஸ்பீடின் கைப்பிடிக் குழாய்க்குள் பழைய சோப்பு இறுகி, கதவுகள் பாதியிலேயே நின்றன. ஊறவைத்துக் கழுவி, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டதும் இளகின.

என்னை இந்த ரேசர்களோடு கட்டிப் போட்டது அவற்றின் தலைக்குள் இருக்கும் வளைவு. பிளேடின் தடிமன் மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். விரல் பட்டாலே நெளியும். தனியாக முகத்தில் வைத்தால் அதிர்ந்து, மயிரை வெட்டாமல் இழுக்கும். மேல்மூடியின் உட்புறம் குழிவு, அடித்தட்டு மேடு. கைப்பிடியை முறுக்க முறுக்க நடுவில் இருக்கும் பிளேடு வளைந்து விறைத்துவிடுகிறது. தேயிலைத் தோட்ட லயத்து வீடுகளின் கூரைத் தகரம் நெளிவுகளால் பாரம் தாங்குகிறதே, அதே கணக்கு.

கிங் கேம்ப் ஜில்லெட்டுக்கு 1904 நவம்பர் 15 அன்று கிடைத்த காப்புரிமையின் உயிரே இதுதான்: பிளேடு மெல்லியதாகவே இருக்கட்டும், விறைப்பை ரேசர் கொடுக்கட்டும். அவ்வளவு மெல்லிய எஃகைப் பதப்படுத்திக் கூராக்கும் வழியை உருவாக்கியவர் வில்லியம் நிக்கர்சன். அவருடைய உழைப்பு இல்லாமல் அந்த யோசனை காகிதத்திலேயே நின்றிருக்கும். அவரை அதிகம் பேர் நினைப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

பிளேடின் விளிம்புக்கும் அதன் கீழே இருக்கும் காப்புத் தட்டுக்கும் உள்ள இடைவெளியை அளக்க, பக்கத்துக் கராஜில் ஃபீலர் கேஜ் (பல தடிமனில் மெல்லிய தகடுகள் கோத்த அளவுகருவி) இரவல் கேட்டேன்.

“பிளக் பார்க்கவா, தம்பி?”

“ரேசர் பார்க்க, அண்ணே.”

மெக்கானிக் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு கூடவே வந்து உட்கார்ந்துவிட்டார். டெக்கில் பிளேடின் விளிம்புக்கும் காப்புத் தட்டுக்கும் நடுவே ஒரே தகடு, இரு பக்கமும் ஒரே பிடிப்போடு நுழைந்தது. பின்னால் விளக்கைப் பிடித்தபோது ஒளிக்கீற்று முனைக்கு முனை சீராகத் தெரிந்தது. சீப்பு ரேசரில் இடைவெளி பொதுவாகவே கூடுதல். அதிலும் ஒரு மூலையில் தகடு தொளதொளவென்று ஆடியது. எப்போதோ கீழே விழுந்து, ஓரத்துப் பல் ஒன்று கீழ்நோக்கி மடங்கியிருந்தது. அண்ணன் குறட்டின் வாயில் தோல் துண்டைச் சுற்றி, துளித்துளியாக நிமிர்த்தினார். பித்தளைப் பல் அவசரப்பட்டால் முறிந்துவிடும். ஒவ்வொரு அசைவுக்கும் பிறகு கேஜை விட்டுப் பார்த்தோம். இப்போது அந்த மூலையிலும் தகடு பிடிக்கிறது.

சவரத்தில், சில நாள் வளர்ந்த தாடிக்குச் சீப்பு ரேசர்தான் ராஜா. பற்களுக்கிடையே நுரையும் மயிரும் தடையின்றிப் போகின்றன. விடியற்காலைக் குளிரில் புல்லரித்த தோலுக்கு டெக். வடிவமைப்பிலும் என் ஓட்டு அதற்கே: மூடி, தட்டு, கைப்பிடி தவிர வேறொன்றும் இல்லை, கெட்டுப்போக எதுவும் இல்லை. சூப்பர் ஸ்பீடு வசதியானது, ஆனால் உள்ளே இருப்பதைக் கழற்றிப் பார்க்க முடியாதது எனக்குக் குறையாகவே படுகிறது. டவுன் கடையில் இன்று வாங்கிய பிளேடு மூன்றிலும் அச்சாகப் பொருந்தியது.

அடுத்துத் தேடுவது 1950களின் இறுதியில் வந்த ‘ஃபேட்பாய்’. கழுத்து வளையத்தில் 1 முதல் 9 வரை எண்கள். திருப்பினால் இடைவெளி மாறும். கைக்கு வந்ததும் ஒவ்வொரு எண்ணிலும் கேஜை விட்டு அளந்து எழுதுகிறேன்.