மிஞ்சும் நீரை மீன்களுக்கே திருப்புவோம்

மீன் தொட்டியின் நீரைக் கொண்டே செடிகளையும் வளர்க்கும் வீட்டளவிலான அக்வாபோனிக்ஸ் அமைப்பில், மீன் தொட்டியில் இருக்கும் நீரின் அளவுக்கு ஈடான நீர் மணிக்கு ஒரு முறையாவது செடிப் படுகை வழியாகச் சென்று திரும்ப வேண்டும் என்பது பொதுவான கணக்கு. தொட்டி 500 லிட்டர் என்றால் மணிக்கு 500 லிட்டர். ஆனால் பம்பின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவு, நீரைச் சற்றும் உயர்த்தாதபோது கிடைப்பது. படுகை உயர உயர வரத்து குறையும், குழாயின் வளைவுகளும் தம் பங்குக்குக் குறைக்கும். ஆகவே சற்றுப் பெரிய பம்பை வாங்கி, வரத்தைக் கட்டுப்படுத்திக்கொள்வதே நல்லது.

இதற்காக மின்விசிறி ரெகுலேட்டரை நாடுவோர் உண்டு. அது வேண்டாம். இத்தகைய சிறிய ஏசி பம்புகள் பெரும்பாலும் மின்சாரத்தின் அதிர்வெண்ணோடு பிணைந்து சுழல்பவை; மின்னழுத்தத்தைக் குறைத்தால் வேகம் சீராகக் குறையாமல் பம்ப் தடுமாறும் அல்லது நின்றுவிடும். வெளியேறும் குழாயில் வால்வு வைத்து ஓரளவு அடைப்பதில் தவறில்லை; உறிஞ்சும் பக்கத்தை மட்டும் அடைக்கவே கூடாது.

எனக்குப் பிடித்த வழி பைபாஸ்தான். படுகைக்கு ஏறும் குழாயில் ஒரு டீ இணைப்பைப் பொருத்தி, அதன் கிளையை வால்வுடன் மீன் தொட்டிக்கே திருப்பிவிட்டால், படுகைக்குத் தேவைப்படாத நீர் மேலிருந்து கொட்டித் தொட்டியைக் கலக்கி, மீன்களுக்கும், அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்களுக்கும் வேண்டிய ஆக்சிஜனைக் கூட்டுகிறது. பால் வால்வைவிடக் கேட் வால்வு இங்கே ஏற்றது. மெல்ல மெல்லத் திருகி நுணுக்கமாக அமைக்க அதில்தான் முடியும்.

படுகை நிரம்பியதும் நீரைத் தானாக இழுத்து வடித்துவிடும் பெல் சைஃபன் (செங்குத்தாக நிற்கும் நிலைக்குழாயின் மேல் மணிபோல் கவிழ்த்த மூடி) உள்ள படுகையில் இந்த நுணுக்கம் மிக அவசியம். வரத்து போதாவிட்டால், நீர் நிலைக்குழாயின் விளிம்பைத் தாண்டி ஓரமாக வழிந்துகொண்டே இருக்குமே தவிர, சைஃபன் பிடிக்காது. படுகை வடியாமல் வேர்கள் நீரிலேயே நிற்கும். வரத்து மிகுந்தால், படுகை வடிந்த பிறகும் மணி மூடியின் அடியில் காற்று புக இடமின்றிச் சைஃபன் விடாமல் இழுத்துக்கொண்டிருக்கும். இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள அளவை வால்வைச் சிறிது சிறிதாகத் திருகி, ஒவ்வொரு முறையும் படுகை முழுமையாக நிரம்பி வடிவதைப் பொறுமையாகப் பார்த்தே கண்டறிய வேண்டும்.

வரத்தை அளக்க வாளியும் கடிகாரமும் போதும்: படுகையில் விழும் நீரைப் பிடித்தால் 10 லிட்டர் வாளி ஒரு நிமிடத்தில் நிரம்புகிறது என்றால், அது மணிக்கு 600 லிட்டர். அளப்பதற்கு முன் பம்பின் முகப்பிலுள்ள பஞ்சை அலசிவிட வேண்டும். கழிவு படிந்த பஞ்சோடு வால்வை அமைத்துவிட்டால், பின்னர் அதைக் கழுவிய அன்றே வரத்து கூடிச் சைஃபன் நிற்காமல் ஓடக்கூடும்.